செம்மீன்: காதலைப் பார்ப்பதா, கடனைப் படிப்பதா?

செம்மீன் என்ற மலையாள நாவல், அதை வைத்து எடுத்த மலையாளப் படம், இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் புத்தகத்தை எடுங்கள். இரண்டுக்கும் நேரம் உண்டென்றால் முதலில் படம், அப்புறம் புத்தகம். வழக்கமாக எல்லோரும் மாற்றித்தான் சொல்வார்கள். படித்துவிட்டுப் பார், அப்போதுதான் அருமை தெரியும் என்பார்கள். செம்மீன் விஷயத்தில் அது சரிவராது. படித்துவிட்டுப் போனால் படத்தில் இல்லாததையே தேடிக்கொண்டிருப்பீர்கள். பார்த்துவிட்டுப் படித்தால், தெரிந்த கதைதானே என்று அசால்ட்டாகப் புரட்டுகிறவரைப் புத்தகம் பிடித்து உட்கார வைத்துவிடும்.

நான் கன்னியாகுமரி மாவட்டத்துத் தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் மீன் எடுக்கும் ஒரு மொத்த வியாபாரியிடம் கணக்கு எழுதுகிறவள். எந்த போட்டுக்கு எவ்வளவு முன்பணம் போயிருக்கிறது, ஐஸுக்கு எவ்வளவு, டீசலுக்கு எவ்வளவு, ஏலத்தில் எடுத்த சரக்கில் எவ்வளவு கழிந்தது, பாக்கி எவ்வளவு, இதுதான் என் நோட்டு. வீட்டுக்காரர் ஆழ்கடல் தூண்டிலுக்குப் போகிறவர். மாமிக்குச் சொந்த ஊர் கேரளத்துப் பூவாறு. அதனால் எங்கள் வீட்டுப் பேச்சில் பாதி மலையாளம். இந்தக் கதையைத் தள்ளி நின்று இலக்கியமாக மட்டும் பார்க்க எனக்கு வராது. அதைத் தெரிந்துகொண்டே மேலே படியுங்கள்.

தகழி சிவசங்கரப் பிள்ளையின் நாவல் 1956இல் வந்தது. அதே 1956 நவம்பர் 1ஆம் தேதிதான் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுச் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. எல்லை அந்தப் பக்கம் போய்விட்டது, கதை இந்தப் பக்கமும் வந்துவிட்டது. தமிழாக்கம் செய்தவர் சுந்தர ராமசாமி, நாகர்கோவில்காரர். படத்தில் பரீக்குட்டியாக வரும் மதுவும் நடிக்கப் போவதற்கு முன் நாகர்கோவிலில் இந்தி வாத்தியாராக இருந்தவர். ஆலப்புழைக் கடற்கரைக் கதை என்றாலும் எங்கள் மாவட்டத்துக்குக் கொஞ்சம் பாத்தியதை உண்டு என்று நான் நினைப்பது இதனால்தான்.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். கடலோடியான செம்பன்குஞ்சுவின் மகள் கறுத்தம்மா. மீன் வாங்கி விற்கும் முஸ்லிம் இளைஞன் பரீக்குட்டி. இருவருக்கும் சிறுவயதுப் பழக்கம். நடக்காத கல்யாணம். அவளை அநாதையும் தொழிலில் கெட்டிக்காரனுமான பழனிக்குக் கட்டிக்கொடுக்கிறார்கள். ஊர் வாய் சும்மா இருக்கவில்லை. படத்தின் பேரைச் சொன்னால் யாரும் இதைத்தான் சொல்வார்கள்: காதல், பிரிவு, கடல்.

இனி புத்தகத்தின் முதல் பக்கத்தைப் பாருங்கள். காதல் கதைதானே, நிலா, அலை, பெருமூச்சு என்று எதிர்பார்ப்போம். கறுத்தம்மா வாயைத் திறந்து சொல்லும் முதல் விஷயம், அப்பா வள்ளமும் வலையும் வாங்கப் போகிறார் என்பது. அடுத்து, பணம் கொஞ்சம் குறைகிறது, தர முடியுமா என்று கேட்கிறாள். பரீக்குட்டி, வள்ளம் வந்தால் மீனை எனக்குத் தருவீர்களா என்று கேட்கிறான். நல்ல விலை கொடுத்தால் தருவோம் என்கிறாள். இரண்டு பேரும் சிரித்துக்கொள்கிறார்கள். சிரிப்புக்கு நடுவில் ஒரு வியாபாரம் முடிந்துவிட்டது. முன்பணம் கொடுத்தவனுக்கு மீன், இதுதான் பேச்சு. எங்கள் துறைமுகத்தில் இன்றைக்கும் அதே பேச்சுதான். சிரிப்பு மட்டும் இல்லை.

அதற்குப் பிறகு நாவல் முழுவதும் அந்தக் கடன் கூடவே வருகிறது. பரீக்குட்டியின் சரக்குக் கிட்டங்கியிலிருந்து செம்பன்குஞ்சுவும் அவன் மனைவி சக்கியும் ராத்திரியோடு ராத்திரியாகக் கருவாட்டைச் சுமந்துகொண்டு போகிறார்கள். அது விற்ற பணமும் சேர்ந்துதான் வள்ளம் வருகிறது. முதல் மீன்பாடோடு வள்ளம் கரையேறும்போது பரீக்குட்டி ஆசையாக நிற்கிறான். செம்பன்குஞ்சு அவனிடம் கேட்பது, ரொக்கம் இருக்கிறதா என்று. இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. நான் கணக்கு எழுதும் நோட்டில் இப்படி ஒரு ஆள் இருந்திருந்தால் அடுத்த நாளே அவன் பேரைச் சிவப்பு மையில் சுழித்திருப்போம். பரீக்குட்டியிடம் நோட்டும் இல்லை, கேட்க வாயும் இல்லை. கொடுத்தது கறுத்தம்மாவின் முகத்துக்காக. அதை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

நாவலில் கறுத்தம்மா தவிப்பதும் இதற்காகத்தான். பரீக்குட்டியைக் கட்ட முடியாது என்பது அவளுக்கு ஆரம்பத்திலேயே தெரியும். மதம் வேறு, துறையின் கட்டுப்பாடு வேறு. அவள் அம்மாவிடம் திரும்பத் திரும்பக் கேட்பது, அந்தக் கடனைக் கொடுத்துவிடச் சொல்லுங்கள் என்று. கொடுத்துவிட்டால் அவனைக் கண்ணோடு கண் பார்த்துவிட்டுப் போய்விடலாம். கொடுக்காமல் போனால் கட்டிக்கொண்டு போகும் வீட்டுக்கும் அது கூடவே வரும். வந்தது. காதலை மறக்க வைக்கலாம், பாக்கியை எப்படி மறக்க வைப்பது? தகழி அம்பலப்புழையில் வக்கீலாக இருந்தவர். பாக்கி, பத்திரம், வட்டி என்று வந்து நின்ற ஆட்களை அவர் நிறையவே பார்த்திருப்பார் என்று எனக்கு ஒரு எண்ணம்.

படத்திலும் கடன் வருகிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அங்கே அது கதையைத் தள்ளிவிட ஒரு காரணம். மது ஒரு பார்வை பார்க்கிறார், சலில் சௌத்ரியின் இசை வந்துவிடுகிறது, நமக்கும் பணம் மறந்துவிடுகிறது. இதில் இயக்குநர் ராமு காரியாட்டைக் குறை சொல்லவும் முடியாது. திரையில் அழுகிற முகத்துக்குப் பக்கத்தில் கூட்டல் கழித்தல் போட்டுக் காட்ட முடியுமா? மாமி மட்டும் மறக்கவில்லை. பரீக்குட்டி கடற்கரையில் பாடிக்கொண்டே நடக்கிறபோது, "பாட்டு பாடினா பைசா வருமா? போய் வாசல்ல இருக்காண்டாமா" என்றார்கள். மாமி சின்ன வயதில் அலுமினியச் சருவத்தில் மீன் சுமந்து கடன் சொல்லி விற்றவர்கள். அவர்களுக்கு எந்தப் பாட்டும் கணக்கை மறக்கடிக்காது.

சரி, படத்தின் பக்கம் நியாயமாகப் பேசுவோம். 1965இல் வந்த படம் அது. குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கம் வாங்கியது. தென்னிந்தியாவிலிருந்து அதை வாங்கிய முதல் படம். அந்தப் பெருமைக்காகப் பார்க்க வேண்டியதில்லை. மார்க்கஸ் பார்ட்லியின் கேமராவுக்காகப் பாருங்கள். தமிழில் 'மாயா பஜார்' எடுத்த அதே கை. அங்கே ஸ்டூடியோவுக்குள் நிலாவை உண்டாக்கியவர், இங்கே நிஜக் கடலை, நிஜ வள்ளத்தை, நிஜ வெயிலைக் கலரில் எடுத்திருக்கிறார். வள்ளம் அலையை முட்டி ஏறும்போது முன்பக்கத்து அணியத்தில் இருப்பவன் உடம்பு ஒரு நொடி எழும்பி விழும். அது நடிப்பில் வராது. கரையில் கூடை வைத்துக்கொண்டு நெருக்கியடிக்கும் பெண்கள், தண்டு வலிக்கும் ஆட்கள், நனைந்த வலையை உதறும் விதம் எல்லாம் படத்தில் பார்த்தால்தான் உண்டு. கடல் பக்கமே வராத ஒருவர் புத்தகத்தை மட்டும் படித்தால் இதில் பாதி கண்ணுக்குத் தெரியாது. படத்தை முதலில் பார்க்கச் சொல்வதற்கு இது முதல் காரணம். படம் எடுத்தது தகழி எழுதிய கரையில் இல்லை, வடக்கே திருச்சூர்ப் பக்கம் நாட்டிகையில். அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

இரண்டாவது காரணம் கொட்டாரக்கரை ஸ்ரீதரன் நாயர். செம்பன்குஞ்சுவைப் புத்தகத்தில் படிக்கும்போது சில இடங்களில் பேராசைக்காரன் என்று ஒதுக்கிவிடத் தோன்றும். படத்தில் அது முடியாது. வள்ளம் வாங்கப் போன இடத்தில் கண்டன்கோரன் வீட்டின் மினுக்கையும் அவன் மனைவி பாப்பிக்குஞ்சுவின் அழகையும் பார்த்துவிட்டு வருகிறான் அல்லவா, அதற்குப் பிறகு அந்த மனிதரின் நடையே மாறிவிடுகிறது. நெஞ்சு முன்னே போகிறது, பேச்சில் ஒரு அதட்டல் ஏறுகிறது. நாமும் அப்படி வாழ வேண்டாமா, ஒரு மெத்தையில் படுக்க வேண்டாமா என்று கேட்கிற ஆளை எப்படி வெறுப்பது? அடுத்தவனுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் கேட்கிறான் என்பதுதான் தகராறு. கடைசியில் புத்தி பேதலித்துத் திரிகிற காட்சிகளில் கொஞ்சம் நாடக மேடை வாடை அடிக்கிறது. போகட்டும், 1965. சக்கியாக வரும் அடூர் பவானியையும் சொல்லாமல் விட்டால் மாமி என்னைச் சும்மா விடமாட்டார்கள். பேசுகிற பேச்சு, இடுப்பில் கை வைத்து நிற்கிற நிலை எல்லாம் துறையில் பார்க்கிற பெண்தான்.

இனி குறை. பழனியாக நடித்தவர் சத்யன். பெரிய நடிகர், மறுக்கவே மாட்டேன். ஆனால் 1912இல் பிறந்தவர். படம் வரும்போது ஐம்பதைத் தாண்டிவிட்டார். கறுத்தம்மாவாக நடித்த ஷீலாவுக்கு இருபதை ஒட்டிய வயதுதான். எம்.ஜி.ஆரோடு 'பாசம்' படத்தில் வந்து சில வருடங்களே ஆகியிருந்தன. நாவலில் பழனி இளைஞன். கறுத்தம்மா அவனோடு குடித்தனம் நடத்த மனப்பூர்வமாக முயல்கிறாள், குழந்தை பிறக்கிறது, அவனும் அவளை நம்பவே விரும்புகிறான். அது நல்லபடியாக அமைந்திருக்கக்கூடிய ஒரு கல்யாணம். அதை ஊர் கெடுக்கிறது. படத்திலோ ஜோடியைப் பார்த்த உடனே இது ஒத்துவராது என்று நாமே முடிவுகட்டிவிடுகிறோம். ஊர் செய்த அநியாயம் அதனால் பாதி மறைந்துபோகிறது. தகழியின் கதைக்கு நடந்த பெரிய நஷ்டம் இதுதான் என்பேன். பாட்டுக் காட்சிகளில் மது மேலே பூசியிருக்கும் மேக்கப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் முடியாது, விட்டுவிடுகிறேன்.

புத்தகத்தில் மட்டும் கிடைப்பது இன்னொன்றும் உண்டு: துறைக்குள் யார் எந்தத் தட்டு என்பது. எல்லோரும் கடலுக்குத்தான் போகிறார்கள், ஆனால் எல்லோரும் வள்ளம் வாங்கிவிட முடியாது. இன்ன பிரிவுக்காரர்தான் வாங்கலாம், துறைத் தலைவரைப் போய்ப் பார்க்க வேண்டும், காணிக்கை வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊர் ஒத்துழைக்காது. செம்பன்குஞ்சு முறைப்படி போகாமல் வாங்கிவிட்டான் என்பதும் மகளை இன்னும் கட்டிக்கொடுக்கவில்லை என்பதும் ஒரே மூச்சில் புகாராகக் கிளம்புகின்றன. பொறாமைதான் ஒழுக்கத்தின் வேட்டியைக் கட்டிக்கொண்டு வருகிறது. அந்தப் பக்கங்களை நிதானமாகப் படியுங்கள். பின்னால் கறுத்தம்மாவின் நடத்தையைப் பற்றி ஊர் பேசும்போது, இதே வாய்கள் முன்னால் வள்ளத்தைப் பற்றி எப்படிப் பேசின என்று நினைவு வரும். சாகரை வருகிற இடமும் அப்படித்தான். மழைக்காலத்தில் ஆலப்புழைக் கரையோரம் சேறு கலங்கி நின்று கடல் அடங்கிவிடும். மீன் அங்கே வந்து குவியும். எல்லாக் கரை வள்ளங்களும் அங்கே கூடும். படத்தில் அது ஒரு துள்ளலான பாட்டு. புத்தகத்தில் கையில் காசு புரண்டு, புடவை வாங்கி, குடித்து, சண்டை போட்டு, கடைசியில் ஒன்றும் மிஞ்சாமல் போகிற வரைக்கும் உண்டு. அடுத்த பஞ்ச காலத்தில் வட்டிக்காரன் வாசலுக்கு வந்துவிடுவான்.

முடிவு தெரியாதவர்கள் யாராவது இருந்தால் அடுத்த இரண்டு பத்திகளைத் தாண்டிவிடுங்கள்.

கரையில் இருக்கும் மனைவி பிசகினால் கடலுக்குப் போன புருஷனைக் கடலம்மா விழுங்கிவிடுவாள் என்கிற நம்பிக்கைதான் இந்தக் கதையின் அச்சாணி. கடற்கரைக்காரர்கள் பலருக்கு நாவல் மேல் வருத்தம் உண்டு. எங்களைப் பற்றி வெளியே தெரிந்ததெல்லாம் இந்த ஒன்றுதான் என்பார்கள். வருத்தம் நியாயமானது. 2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கி புயல் வந்தது. எங்கள் பக்கம், தூத்தூர் முதல் நீரோடி வரை, எத்தனையோ வீடுகளில் ஆள் திரும்பவில்லை. பல பேருக்கு உடல்கூட வரவில்லை. அப்போது எந்தப் பெண்ணிடமும் நீ ஒழுங்காக இருந்தாயா என்று யாரும் கேட்கவில்லை. புயல் வருகிறது என்று ஏன் முன்னாலேயே சொல்லவில்லை, தேட ஏன் இவ்வளவு நேரம் என்றுதான் ஊரே ரோட்டில் இறங்கிக் கேட்டது. கடலுக்கும் பெண்ணின் கற்புக்கும் முடிச்சுப் போடுகிற கதையை அதற்குப் பிறகு ஒருத்தி எப்படிப் படிப்பது என்று தோன்றலாம்.

நான் படித்தேன். படமும் நாவலும் இங்கேதான் எனக்கு முழுசாகப் பிரிகின்றன. படத்தில் பாட்டும் அலையும் சேர்ந்து அந்த நம்பிக்கையை உண்மையாகவே ஆக்கிவிடுகின்றன; கடலம்மா தண்டித்தாள் என்றே தோன்றுகிறது. நாவலில் பின்னோக்கி எண்ணிக்கொண்டு போனால் வேறு ஒன்று தெரியும். பழனி ஏன் தனியாகச் சின்ன வள்ளத்தில் போனான்? கூட வேலை செய்தவர்கள் அவனைச் சேர்க்க மறுத்தார்கள். ஏன் மறுத்தார்கள்? ஊர்ப் பேச்சு. பெரிய வள்ளத்தில் நாலு பேரோடு போயிருந்தால் அந்தச் சுறாவை இழுத்து ஏற்றியிருக்கலாம், இல்லாவிட்டால் கயிற்றை அறுத்துவிட்டு வந்திருக்கலாம். சுறாத் தொழிலில் பேர்போன தூத்தூர்க்காரர்கள் யாரைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள்: பெரிய மீன் தூண்டிலில் விழுந்தால் தனியாள் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. என் வீட்டுக்காரரிடம் அந்த அத்தியாயத்தை வாசித்துக் காட்டினேன். கயிறு போகிற வேகம், சுறா வள்ளத்தையே இழுத்துக்கொண்டு ஓடுவது, இவன் விடாமல் பிடித்திருப்பது எல்லாம் சரியாகத்தான் எழுதியிருக்கிறார் என்றார். "கூட ஒருத்தன் இல்லாம ஏன் போனான்?" என்று மட்டும் கேட்டார். கதையே அந்தக் கேள்விதான். அவனைக் கொன்றது கடலம்மாவா, கரையில் இருந்தவர்களா என்று தகழி தீர்ப்புச் சொல்லவில்லை. கறுத்தம்மாவும் பரீக்குட்டியும் கட்டிப்பிடித்தபடி ஒரு கரையில் ஒதுங்குகிறார்கள். இன்னொரு கரையில் தூண்டில் விழுங்கிய சுறா ஒதுங்குகிறது. பழனியின் உடல் ஒதுங்கியதாக ஒரு வரி இல்லை.

பாட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. மன்னா டே பாடிய 'மானச மைனே வரூ' கேட்காதவர்கள் எல்லையோரத்தில் இருக்க மாட்டார்கள். களியக்காவிளை டீக்கடை ரேடியோவில் அதைக் கேட்டு வளர்ந்த தலைமுறை எங்களுடையது. வங்காளத்துக்காரர் பாடிய மலையாளத்தில் உச்சரிப்பு அங்கங்கே வழுக்கும். மாமி அதைக் கேலி செய்வார்கள், ஆனால் சத்தத்தைக் குறைக்க விடமாட்டார்கள். பாட்டு எழுதிய வயலாரின் வரிகள் புரிய எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் துணை வேண்டாம். திருநெல்வேலி தாண்டி இருப்பவர்கள் எழுத்து ஓடுகிற பிரதியாகப் பார்த்துப் பாருங்கள். பேச்சு நிதானமாகத்தான் போகிறது, பத்து நிமிஷத்தில் காது பழகிவிடும்.

தமிழ்ப் புத்தகம் சாகித்திய அகாதெமி வெளியீடு. கடையில் கிடைக்காவிட்டால் நூலகத்தில் கேளுங்கள், பெரும்பாலும் இருக்கும். மொழிபெயர்ப்பில் திக்கல் இல்லை. சுந்தர ராமசாமி நாஞ்சில் நாட்டுக்காரர் என்பதால் கடற்கரைப் பேச்சு அவருக்கு அந்நியமாக இல்லை. பழைய அச்சில் எழுத்து பொடியாக இருக்கிறது. வெள்ளெழுத்து உள்ளவர்கள் பகல் வெளிச்சத்தில் படிப்பது நல்லது. அளவில் பெரிய நாவல் இல்லை. ஆரம்பத்தில் கொஞ்சம் மெதுவாகப் போகும். சக்கி படுக்கையில் விழுகிற இடம் தாண்டினால் கீழே வைக்க மாட்டீர்கள்.

படத்தைச் செல்போனில் பார்க்காதீர்கள். இணையத்தில் கிடைக்கும் பிரதிகளில் சிலவற்றில் நிறம் வெளுத்துப்போய்க் கடலும் வானமும் ஒன்றாகத் தெரிகின்றன. கொஞ்சம் தேடித் தெளிவான பிரதியாக எடுத்து, வீட்டு டிவியில் போட்டுப் பாருங்கள். கூட ஒரு வயதானவரை உட்கார வைத்துக்கொள்ளுங்கள், அதிலும் மீன் விற்றவராக இருந்தால் விசேஷம். பரீக்குட்டியின் கிட்டங்கியில் எத்தனை குட்டை கருவாடு போயிருக்கும், அன்றைய விலைக்கு என்ன தொகை வரும் என்று மாமி இன்னும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். வட்டி சேர்க்கலாமா கூடாதா என்பதில்தான் எங்கள் இருவருக்கும் இப்போது சண்டை.